மழை முடிஞ்சு ட்ரோனை எடுக்கிறீங்களா? முதல்ல பேட்டரியைப் பாருங்க

ஆவணி பிறந்தா போதும், கொச்சி பக்கத்து ஏலூர்ல என் மேசை மேல பேட்டரிகள் வரிசையா வந்து உக்காரும். கர்க்கடக (ஆடி) மாசத்துல இங்க கல்யாணம் வைக்க மாட்டாங்க, மழையும் விடாது. அதனால இடவப்பாதிக்கு, அதாவது தென்மேற்குப் பருவமழை தொடங்கும்போது, உள்ள வச்ச ட்ரோனை மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி பக்கத்து வீடியோ பசங்க ஓணம் நெருங்கும்போதுதான் வெளிய எடுப்பாங்க. பட்டனை அழுத்தினா ஒரு லைட்டும் எரியாது. பதறிப்போய்க் கொண்டு வருவாங்க.

வயலுக்கு மருந்தடிக்கிற ட்ரோன் வச்சிருக்கிற தங்கச்சிங்களுக்கு இடைவெளி இன்னும் நீளம். குட்டநாட்டுல புஞ்சை அறுவடை மார்ச், ஏப்ரல்ல முடிஞ்சா அடுத்த விதைப்பு நவம்பர் வாக்குலதான். தஞ்சாவூர்ப் பக்கம் சம்பா அறுத்துட்டா குறுவை வரைக்கும் ட்ரோனுக்கு வேலை கம்மி. இந்த மாதிரிப் பெண்களுக்கு ட்ரோன் கொடுக்கிற 'நமோ ட்ரோன் தீதி' திட்டத்துக்கு 2023 நவம்பர்ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துச்சு. 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு ட்ரோன், 1,261 கோடி ரூபாய் ஒதுக்கீடு, விலையில 80 சதவீதம் வரைக்கும், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் மானியம். முதல்ல போன ட்ரோன்களை உரக் கம்பெனிகளே வாங்கிக் கொடுத்தாங்க. எங்க ஊரும் உரக் கம்பெனி ஊர்தான். 1943-ல தொடங்கின ஃபாக்ட் இங்க உத்யோகமண்டல்ல இருக்கு. அதனாலயோ என்னவோ, வயல் ட்ரோன் ஓட்டுற பெண்கள் மேல எனக்குத் தனிப் பாசம்.

அந்தத் திட்டத்துல ட்ரோனோட ஒரு பேட்டரி செட்டும், கூடுதலா நாலு செட்டும் தர்றாங்க. மாத்தி மாத்திப் போட்டா ஒரு நாளைக்கு 20 ஏக்கர் வரைக்கும் அடிக்கலாம்கிறது கணக்கு. குழுவோட வருமானம் முழுக்க அந்த அஞ்சு செட்டுல இருக்கு. சீசன் தொடங்குற அன்னிக்கு அதுல ரெண்டு படுத்துட்டா பாதிப் பொழுது கரையில உக்கார்ந்து சார்ஜ் ஏறுறதைப் பார்த்துக்கிட்டு இருக்கணும். அதனாலதான் இவ்வளவு விவரமா எழுதுறேன்.

ஒண்ணை முதல்லயே சொல்லிடறேன். படுத்த பேட்டரியை எழுப்ப முடியுமான்னு எல்லாரும் கேக்குறாங்க. எழுப்பலாமான்னுதான் நீங்க கேக்கணும். எவ்வளவோ பேட்டரியை எழுப்ப முடியும். அதுல சிலதை எழுப்பவே கூடாது. எது எழுப்பத் தகும்னு சொல்றது உங்க ஆசையோ, அது வாங்கின விலையோ இல்லை. மீட்டர்ல தெரியிற வோல்ட்.

மீட்டரை எடுக்கிறதுக்கு முன்னாடி கண்ணாலயும் மூக்காலயும் பாருங்க. பேட்டரியைக் கண்ணாடி மேசை மாதிரி மட்டமான இடத்துல படுக்க வைங்க. ஆடாம உக்காரணும். பூரி மாதிரி உப்பியிருந்தா உள்ள இருக்கிற திரவம் சிதைஞ்சு வாயுவா மாறிடுச்சுன்னு அர்த்தம். அந்த வாயுவை வெளியேத்தறேன்னு ஊசியால குத்துற வேலையை யூட்யூப்ல காட்டுறாங்க. சத்தியமா செய்யாதீங்க. குத்துற ஊசியே உள்ள இருக்கிற தகடுகளைச் சேர்த்துவிட்டுத் தீ பிடிக்க வச்சிடும். நகப்பூச்சு அழிக்கிற திரவம் மாதிரி இனிப்பா ஒரு வாடை வந்தா உறை எங்கயோ கிழிஞ்சிருக்கு. மூலை நசுங்கினது, கீழ விழுந்து பள்ளமானது, வரப்புத் தண்ணியில முங்கினது எதுவா இருந்தாலும் சார்ஜர் பக்கமே கொண்டு போகாம, வீட்டுக்கு வெளிய தனியா வச்சிடுங்க. அதை என்ன பண்றதுன்னு கடைசியில சொல்றேன்.

கண்ணுக்கு நல்லா இருக்கா? இப்ப மீட்டர். வயல் ட்ரோன்ல வர்ற லித்தியம் பேட்டரி பலதும் 6எஸ். அதாவது ஆறு செல் தொடரா கோத்தது. ஒரு செல்லுக்கு 3.7 வோல்ட்டுன்னு ஆறுக்கும் சேர்த்து 22.2 வோல்ட்டுன்னு மேல எழுதியிருக்கும். முழுசா ஏறினா செல்லுக்கு 4.2, மொத்தம் 25.2. இங்கதான் பலர் ஏமாறுவாங்க. பெரிய கனெக்டர்ல மீட்டரை வச்சு 21.6 காட்டுது, பரவாயில்லைன்னு சார்ஜ்ல போட்டுடுவாங்க. ஆறு செல்லும் 3.6 இருந்தாலும் 21.6 தான். அஞ்சு செல் 3.8 இருந்து ஒண்ணு மட்டும் 2.6-க்கு விழுந்திருந்தாலும் அதே 21.6 தான். முதல் பேட்டரி ஆரோக்கியம். ரெண்டாவது ஆபத்து. மொத்தக் கணக்கு இந்த வித்தியாசத்தைக் காட்டவே காட்டாது.

அதனால மெல்லிசா ஏழு ஒயர் சேர்ந்து வர்ற வெள்ளைக் கனெக்டர் இருக்கு பாருங்க, பேலன்ஸ் லீடு, அதுல ஒவ்வொரு செல்லா அளக்கணும். மல்டிமீட்டர் முனையால பக்கத்துப் பக்கத்துப் பின்னைத் தொட்டு அளக்கலாம். ஆனா கை கொஞ்சம் நழுவினா ரெண்டு பின்னும் ஒட்டிப் பொறி பறக்கும். செல் செக்கர்னு தீப்பெட்டி அளவுல ஒரு சாமான் ரிமோட் விமானச் சாமான் விக்கிற எந்த ஆர்சி கடையிலயும் கிடைக்கும். சொருகினா ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ஒவ்வொரு செல் வோல்ட்டையும் தானே ஓட்டிக் காட்டும். ட்ரோன் வச்சிருக்கிற வீட்டுல அது ஒண்ணு கட்டாயம் இருக்கணும்.

ஆறு செல்லும் 3.5-க்கு மேல, ஒண்ணுக்கொண்ணு ஏறக்குறைய சமமா இருந்தா கவலையே இல்லை. பேலன்ஸ் மோடுல, வழக்கமான ஆம்பியர்ல பாதியா வச்சு ஏத்துங்க.

3.0-க்கும் 3.5-க்கும் நடுவுல இருந்தா பேட்டரி பசியில கிடக்கு, சாகலை. இதைத்தான் எழுப்பலாம். ஆனா எழுப்புற வேகம் முக்கியம். கொள்ளளவுல பத்துல ஒரு பங்கு ஆம்பியர்தான் கொடுக்கணும். 16,000 எம்ஏஎச் பேட்டரின்னா 1.6 ஆம்பியர். 22,000 எம்ஏஎச்ன்னா 2.2. பொம்மை விமானத்துக்கு வர்ற 2,200 எம்ஏஎச் சின்ன பேக்குன்னா 0.22 தான். எல்லா செல்லும் 3.5-ஐத் தாண்டின பிறகு பாதி வேகத்துக்குப் போகலாம். அது வரைக்கும் பக்கத்துலயே இருங்க. கால் மணிக்கு ஒரு தடவை புறங்கையை வச்சுப் பாருங்க. இவ்வளவு மெதுவா ஏத்தும்போது பேட்டரி சுடவே கூடாது. வெதுவெதுப்பு தெரிஞ்சாலே சார்ஜரை நிறுத்திடுங்க. ஒரு செல் மட்டும் மத்ததோட சேர்ந்து ஏறாம அடம்பிடிச்சாலும் நிறுத்திடுங்க.

2.5-க்கும் 3-க்கும் நடுவுல வந்தா என் முடிவு கொஞ்சம் கறாரா இருக்கும். நேத்து பறக்கவிட்டு, கழட்ட மறந்து, இன்னிக்குக் காலையில பார்த்தா 2.9-ன்னு இருந்தா, இருபதுல ஒரு பங்கு ஆம்பியர்ல மெதுவா ஏத்திப் பார்க்கலாம். எத்தனை மாசமா அப்படிக் கிடந்துச்சுன்னே தெரியாத பேட்டரின்னா வேண்டாம். எழுந்தாலும் பத்து லிட்டர் டேங்கைத் தூக்கிக்கிட்டு ஆளுங்க நிக்கிற வயலுக்கு மேல போற ட்ரோன்ல அதை மாட்ட நான் சம்மதிக்க மாட்டேன்.

2.5-க்குக் கீழன்னா அத்தோட விட்டுடணும். காரணம் தெரிஞ்சுக்கோங்க, அப்பத்தான் யாராவது வந்து நான் எழுப்பித் தர்றேன்னு சொன்னா மறுக்க முடியும். செல்லுக்குள்ள ஒரு பக்கம் மெல்லிய செம்புத் தகடு இருக்கு. வோல்ட் அதிகமா கீழ போயிட்டா, முக்கியமா 2-க்குக் கீழ, அந்தச் செம்பு கரைஞ்சு உள்ள இருக்கிற திரவத்துல கலந்துடும். மறுபடி சார்ஜ் ஏத்தும்போது கரைஞ்ச செம்பு வேற இடத்துல படியும். அது ரெண்டு தகடுக்கும் நடுவுல இருக்கிற மெல்லிய தடுப்பைத் துளைச்சா உள்ளயே ஷார்ட். அன்னிக்கே நடக்கணும்னு இல்லை. நாலு தடவை நல்லா பறந்துட்டு, அஞ்சாவது தடவை ராத்திரி சார்ஜ்ல இருக்கும்போது நடக்கலாம். வோல்ட் அவ்வளவு குறைஞ்சிருந்தா சார்ஜர் எடுத்துக்கவே மாட்டேங்குறது உங்களைக் காப்பாத்தத்தான். சார்ஜரை நிக்கல் மோடுக்கு மாத்தி ஏமாத்தி ஏத்துறது, இன்னொரு பேட்டரியை நேரா ஒயரால இணைச்சு ஊட்டுறதெல்லாம் பல பேர் பெருமையா சொல்ற வித்தைகள். ரெண்டும் அந்தக் காவலைக் கழட்டி எறியிற வேலை. வேண்டாம்மா.

கேமரா ட்ரோன் பேட்டரி வேற ரகம். டிஜேஐ மாதிரி கம்பெனி பேட்டரிக்குள்ளயே சின்ன சர்க்யூட் இருக்கு. சார்ஜ் ரொம்ப இறங்கினா செல்லைக் காப்பாத்த அது உறக்க நிலைக்குப் போயிடும். பட்டனை எத்தனை அழுத்து அழுத்தினாலும் லைட் வராது. செத்துட்டதா நினைச்சுத் தூக்கிப் போட்டுடாதீங்க. கம்பெனி சார்ஜர்ல, நல்ல கேபிள்ல மாட்டினா சார்ஜ் பட்டதும் முழிச்சுக்கும். சிலதுக்கு அரை மணி நேரம் வரைக்கும் பொறுமை வேணும். வரலைன்னா பித்தளை நிறத்துல இருக்கிற தொடுமுனைகளை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைச்ச பட்ஸால துடைச்சு, நல்லா காஞ்ச பிறகு, வேற கேபிள் போட்டு இன்னொரு தடவை பாருங்க. எங்க ஊர்க் காத்துல ஈரமும் உப்பும் சேர்ந்து இருக்கு. மட்டாஞ்சேரியில இருந்து வர்ற பாதி பேட்டரிக்கு அந்தத் துடைப்பே வைத்தியம்.

அதுக்கும் எழலைன்னா நிறுத்திடுங்க. உறையைப் பிளந்து செல்லுக்கு நேரா சார்ஜ் கொடுக்கிறதும், உள்ள இருக்கிற சர்க்யூட் போட்ட பூட்டை சாஃப்ட்வேரால உடைக்கிறதும் கூடவே கூடாது. அந்தப் பூட்டு விழுந்ததுக்கு ஒரு காரணம் இருக்கும். 2022 பிப்ரவரியில வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை வந்ததுல இருந்து, வெளிநாட்டு மாடல் வச்சிருக்கிறவங்க ஒரு பேட்டரியை இழக்க எவ்வளவு யோசிக்கிறாங்கன்னு எனக்குத் தெரியும். பாகங்களுக்கு அந்தத் தடை இல்லை. தேடினா நல்ல பேட்டரி கிடைக்கும். தேடுறதுக்குச் சோம்பல்பட்டு ஆபத்தை வீட்டுக்குள்ள வச்சுக்காதீங்க. வயல் ட்ரோன் தங்கச்சிங்களுக்கு இன்னொண்ணு: திட்டத்துல ஒரு வருஷ வாரண்டியும் ரெண்டு வருஷ பராமரிப்பு ஒப்பந்தமும் சேர்ந்து வருது. பேட்டரி மக்கர் பண்ணினா முதல் வேலை அவங்களுக்குப் போன். சுருக்கு உறையைக் கிழிச்சுட்டா அப்புறம் எதுவும் கேக்க முடியாது.

எழுந்துடுச்சு, சார்ஜும் ஏறிடுச்சு. உடனே ஓட வேண்டாம். செல்லுக்கு 3.85 வரைக்கும் மட்டும் ஏத்திட்டு ஒவ்வொரு செல் வோல்ட்டையும் நோட்டுல எழுதி, ஒரு வாரம் தொடாம வைங்க. அவசரம்னா ஒரு நாளாவது. திரும்ப அளக்கும்போது எல்லாம் ஏறக்குறைய அதே அளவுல நிக்கணும். ஒரு செல் மட்டும் 0.05 வோல்ட்டுக்கு மேல இறங்கியிருந்தா அதுக்குள்ள மெதுவா ஒரு கசிவு நடக்குது. அந்தப் பேட்டரியை நான் ஏத்துக்க மாட்டேன். நல்ல சார்ஜர்ல இன்டர்னல் ரெசிஸ்டன்ஸ் காட்டும், மில்லிஓம் கணக்குல. புதுசா வாங்கின அன்னிக்கே அதைக் குறிச்சு வைக்கணும். அது ரெண்டு மடங்கு ஆயிட்டா, சார்ஜ் நிறைய காட்டினாலும், பாரம் தூக்கும்போது வோல்ட் சட்டுனு சரியும். கொள்ளளவு எழுதினதுல 80 சதவீதத்துக்குக் கீழ போயிட்டாலும் பறக்குற வேலையில இருந்து எடுத்துடுங்க.

தேறினதை முதல் தடவை பறக்கவிடும்போது டேங்க் காலியா இருக்கட்டும், இடம் வெட்டவெளியா இருக்கட்டும். தலை உயரத்துக்கு மேல போகாம ரெண்டு மூணு நிமிஷம் நிறுத்தி வச்சுட்டு இறக்கி, பேட்டரியைத் தொட்டுப் பாருங்க, செல்லை அளங்க. ஒரு செல் தனியா கீழ போயிருந்தா அது பாரத்துக்கு லாயக்கில்லை. ஏலூர், கொச்சி பக்கம் இருக்கிறவங்க அதுக்கும் முன்னாடி ட்ரோன் எங்க பறக்கலாம்னு காட்டுற டிஜிட்டல் ஸ்கை மேப்பைத் திறந்து பாருங்க. ஒரு பக்கம் நெடும்பாசேரி ஏர்போர்ட், இன்னொரு பக்கம் கடற்படைத் தளம், நடுவுல இத்தனை ஆலை. மொட்டை மாடியில சும்மா ஒரு நிமிஷம் ஏத்திப் பார்க்கிற ஊர் இது இல்லை.

இனி சேமிப்பு. என்னைக் கேட்டா மேல சொன்னது பாதி, இதுதான் மீதி. சீசன் முடியிற அன்னிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினா, அடுத்த சீசன்ல எழுப்புற வேலையே வராது.

முழுசா ஏத்தி வச்சா நல்லா இருக்கும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. பேட்டரி நிறைஞ்சு இருக்கும்போதுதான் சீக்கிரம் மூப்படையுது. லித்தியம் பேட்டரிக்குப் பரவலா சொல்ற கணக்கு ஒண்ணு இருக்கு. 25 டிகிரியில, 40 சதவீத சார்ஜ்ல ஒரு வருஷம் வச்சா கொள்ளளவுல 96 சதவீதம் மிஞ்சும். அதே சூட்டுல முழு சார்ஜ்ல வச்சா 80 தான் மிஞ்சும். 40 டிகிரி சூடுன்னா 85, 65. தகரக் கூரை போட்ட ஷெட்டுல சித்திரை, வைகாசியில 40 டிகிரிங்கிறது சர்வ சாதாரணம். அந்தச் சூட்டுல முழு சார்ஜோட ஒரு வருஷம் வச்சா மூணுல ஒரு பங்கு போச்சு. வெறுமையா வைக்கிறதும் தப்பு. தானா கொஞ்சம் கொஞ்சமா இறங்கி, மேல சொன்ன செம்புக் கதையில போய் முடியும்.

செல்லுக்கு 3.80-ல இருந்து 3.85 வரைக்கும்தான் சரியான இடம். 6எஸ் பேட்டரிக்கு மொத்தம் 22.8-ல இருந்து 23.1. சார்ஜர்ல 'ஸ்டோரேஜ்'னு ஒரு மோடு இருக்கும். அதைப் போட்டா நிறைஞ்சதை இறக்கும், குறைஞ்சதை ஏத்தும், தானே நிக்கும். பெரிய பேட்டரியை இறக்க அது ரொம்ப நேரம் எடுக்கும். அவசரம்னா ட்ரோன்ல தண்ணியை நிரப்பி ஒரு சுத்து அடிச்சு இறக்கிக்கோங்க, நாஸிலும் கழுவினது போல ஆகும். கேமரா ட்ரோன் பேட்டரி சில நாள் சும்மா கிடந்தா தானே சார்ஜை இறக்கிக்கும். எத்தனை நாள், எவ்வளவுங்கிறது மாடலுக்கு மாடல் மாறும். அதை நம்பி விட்டுடாம, பத்து நாளுக்கு மேல வேலை இல்லைன்னா 40-ல இருந்து 65 சதவீதத்துக்குள்ள நீங்களே கொண்டு வந்து வைங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை முழுசா ஏத்தி இறக்கி, மறுபடி அந்த அளவுக்கே கொண்டு வரணும்னு கம்பெனிக் கையேடே சொல்லுது. வயல் பேட்டரியை மாசம் ஒரு தடவை அளந்தா போதும். 3.7-க்குக் கீழ போயிருந்தா திரும்ப 3.8-க்கு ஏத்துங்க.

ட்ரோன்ல மாட்டினபடியே வச்சுடாதீங்க. ஸ்விட்ச் ஆஃப்ல இருந்தாலும் சில சர்க்யூட் சொட்டு சொட்டா குடிச்சுக்கிட்டே இருக்கும். பேட்டரி படுக்கிறதுக்கு நான் பார்த்ததுல முதல் காரணம் இதுதான். கழட்டி, கனெக்டருக்கு மூடி போட்டு, பேலன்ஸ் லீடைத் தனியா மடிச்சுக் கட்டிடுங்க. ஒண்ணோட முனை இன்னொண்ணுல பட்டுடவே கூடாது.

எங்க வைக்கிறது? பூஜை அறை வேண்டாம், அங்க விளக்கு எரியும். சமையலறைப் பரண் வேண்டாம், சூடு. கட்டிலுக்கு அடியில வேண்டாம், தூங்கும்போது பத்திக்கிட்டா எழுந்திரிக்க அவகாசம் இருக்காது. பட்டுப்புடவையும் பத்திரமும் இருக்கிற பீரோ வேண்டவே வேண்டாம். ஃபிரிட்ஜ்ல வைக்கலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. வெளிய எடுத்ததும் வேர்த்து, முனையெல்லாம் ஈரமாகும். வயல் ட்ரோன் வச்சிருக்கிறவங்க செய்ற பெரிய தப்பு, மருந்து டப்பா, உர மூட்டை இருக்கிற அதே அறையில பேட்டரியையும் அடுக்குறது. அமோனியம் உரத்தோட தூசி ஈரத்தை இழுக்கும், ஈரத்தோட சேர்ந்து செம்பை அரிக்கும். கனெக்டர் பச்சை பூத்துப் போகும். ஃபாக்டம்பாஸ் உர மூட்டை பக்கத்துல ஒரு மழைக்காலம் இருந்த பெரிய கனெக்டர் ஒண்ணு என்கிட்ட வந்துச்சு. தங்க நிறத்துல இருக்க வேண்டிய முனை களிம்பேறி, பிளக் பாதி தூரம்தான் உள்ள போச்சு. அப்படி அரைகுறையா தொடுற இடத்துல நூறு ஆம்பியர் ஓடினா அங்கயே உருகிடும். அதோட, பூச்சிமருந்து இருக்கிற அறையில பேட்டரி பத்திக்கிட்டா வர்ற புகையை நினைச்சுப் பார்க்கவே முடியலை.

வெயில் படாத, காத்து வர்ற, வாசலுக்குப் பக்கமான ஒரு மூலை போதும். சிமென்ட் தரை மேல ரெண்டு செங்கல், அது மேல மண் சட்டி, அடியில ரெண்டு அங்குலம் காஞ்ச மணல், ஒரு சட்டிக்கு ஒரு பேட்டரி. மேல ஓட்டுத் துண்டைச் சும்மா மூடி வைங்க, இறுக்கக் கூடாது. காத்துப்புகாத டப்பாவுல பேட்டரி புகைய ஆரம்பிச்சா டப்பாவே வெடிக்கும். கொச்சி மாதிரி ஊர்ல ஆடி மாசக் காத்துல எந்நேரமும் தண்ணி நிக்குது, கூடவே ரெண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, நிறம் மாறினா புதுசு மாத்துங்க. பேட்டரி மேல மாஸ்க்கிங் டேப் ஒட்டி நம்பரும் வாங்கின தேதியும் எழுதுங்க. அதே நம்பருக்கு நோட்டுல ஒரு பக்கம்: அளந்த தேதி, ஆறு செல் வோல்ட், இன்டர்னல் ரெசிஸ்டன்ஸ். குழுவுல கணக்கு எழுதுற பொண்ணு இருப்பா இல்லை, அவகிட்டயே இந்த நோட்டையும் கொடுங்க. ஆறு மாசம் கழிச்சு எந்த பேட்டரி தளருதுன்னு அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் தெரியும்.

சார்ஜ் போடுற பழக்கத்துலயும் கவனம் வேணும். பறந்து இறங்கின பேட்டரியைச் சூட்டோட சார்ஜ்ல போடாதீங்க, ஆறட்டும். ராத்திரி போட்டுட்டுத் தூங்காதீங்க. துலாவர்ஷ (ஐப்பசி மழை) சமயத்துல இங்க சாயங்காலமானா இடி மின்னல். அந்த மாசங்கள்ல காலையிலயே வேலையை முடிச்சு பிளக்கைப் பிடுங்கிடுங்க. வெயில்ல நிறுத்தின காருக்குள்ள பேட்டரியை விட்டுட்டுச் சாப்பிடப் போகாதீங்க.

விமானத்துல போறவங்களுக்குச் சின்ன கணக்கு. வோல்ட்டையும் ஆம்பியர் மணியையும் பெருக்கினா வாட் மணி. 100 வரைக்கும் கைப்பையில எடுத்துட்டுப் போகலாம். 100-ல இருந்து 160 வரைக்கும் விமானக் கம்பெனி அனுமதியோட ரெண்டு. அதுக்கு மேல பயணிக்கு அனுமதி இல்லை. 7.2 வோல்ட், 2,400 எம்ஏஎச் கேமரா பேட்டரி 17 வாட் மணிதான், கவலை இல்லை. 22.2 வோல்ட், 16,000 எம்ஏஎச் வயல் பேட்டரி 355 வந்துடும். அதை ஏர்போர்ட்டுக்கே கொண்டு போகாதீங்க.

பத்திக்கிட்டா? முதல்ல ஆளுங்க வெளிய. அந்தப் புகையில ஹைட்ரஜன் ஃப்ளோரைடு இருக்கும், நுரையீரலைப் பொசுக்கும். மூக்கைப் பொத்திக்கிட்டு உள்ள போய் எடுக்கலாம்னு நினைக்காதீங்க. புகை மட்டும் லேசா ஆரம்பிச்சு, பேட்டரி ஏற்கெனவே வெட்டவெளியில இருந்தா தூரத்துல இருந்து மணலைக் கொட்டுங்க. தண்ணி ஊத்தலாமான்னு கேப்பீங்க. இந்த வகை பேட்டரிக்கு ஊத்தலாம், கொஞ்சமா இல்லாம நிறைய. சூட்டைத் தணிக்கிறது தண்ணிதான். ஆனா சார்ஜர் கரண்ட்ல மாட்டியிருந்தா முதல்ல மெயினை அணைக்கணும். பவுடர் சிலிண்டர் தீயை அமுக்கும், உள்ள இருக்கிற சூட்டை ஆத்தாது. மறுபடியும் பத்தும். அணைஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் ஒரு நாள் முழுக்க யாரும் தொட வேண்டாம். 101-க்குப் போன் பண்ணும்போது லித்தியம் பேட்டரின்னு சொல்லிடுங்க.

கடைசியா, ஓய்வு கொடுத்த பேட்டரி. உப்புத் தண்ணி வாளியில போட்டா தீர்ந்துடும்னு ஒரு பேச்சு இருக்கு. பெரிய பேட்டரிக்கு அது சரியான வழி இல்லை. முனை அரிச்சுப் போய் இணைப்பு விட்டுடும், சார்ஜ் உள்ளயே தங்கிடும். நடுவுல ஹைட்ரஜனும் குளோரினும் வேற கிளம்பும். நான் செய்றது லாரி இண்டிகேட்டர் பல்பு, 24 வோல்ட், 21 வாட். ஹோல்டரோட ஒயர் ஒட்டி, 6எஸ் பேட்டரி கனெக்டர்ல மாட்டி, வெளிய மணல் மேல வச்சிடுவேன். ஒரு ஆம்பியருக்கும் கொஞ்சம் குறைவாதான் இழுக்கும். பாதி சார்ஜ்ல இருக்கிற 16,000 எம்ஏஎச் பேட்டரிக்கு ஒன்பது மணி நேரம் போல ஆகும். வெளிச்சம் மங்கி, சிவந்து, அணைஞ்ச பிறகும் ஒரு நாள் அப்படியே விட்டா மிச்சமும் இறங்கிடும். நசுங்கினது, ஒழுகுறது மட்டும் இதுக்கு ஆகாது. அதைத் தொந்தரவு பண்ணாம மணல்ல புதைச்சு வச்சு, டீலரை எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க.

குப்பை வண்டியில போடாதீங்க. அமுக்குற இடத்துல அது பத்தும். ஆத்துல, ஓடையில எறியிறதைப் பத்தி எங்க ஊர்க்காரங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எங்க குழிக்கண்டம் ஓடைச் சேறு ஆலைக் கழிவால எப்படி விஷமாச்சுன்னு பார்த்த ஜனங்க நாங்க, பெரியாறு நிறம் மாறி மீன் செத்து மிதந்ததையும் பார்த்திருக்கோம். 2022 ஆகஸ்ட்ல வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள்படி, பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிச்சு மறுசுழற்சிக்கு அனுப்புற பொறுப்பு தயாரிப்பாளருக்கு இருக்கு. வீட்டுக் குப்பையோட சேர்க்காமத் தனியா ஒப்படைக்கிறது நம்ம பொறுப்பு. ட்ரோன் வாங்கின டீலர்கிட்டயே கேளுங்க. திட்டத்துல வாங்கினவங்க பராமரிப்புக்கு வர்ற ஆள்கிட்டயே கொடுத்தனுப்பலாம். முனை ரெண்டையும் இன்சுலேஷன் டேப்பால தனித்தனியா சுத்தி, மேல 'பழுது'ன்னு பெருசா எழுதி, நோட்டுல அந்த நம்பருக்கு நேரா கொடுத்த தேதியையும் போட்டுடுங்க.